குழாய்க்குள் ஒட்டிய புரதம்

ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது நவமணி அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாக டீச்சர். ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம், நேரா வீட்டுக்கு வந்துருங்க" என்றார். அக்காவைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். பஸ் அதன்பாட்டுக்கு எல்லா நிறுத்தத்திலும் நின்று ஆளேற்றியது. எனக்கு ஆத்திரமாக வந்தது; யார் மேல் என்று தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். இயற்கையில் இல்லாத புரதங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வடிவமைக்கிற வேலை. விரியன் விஷத்தைக் கவ்விப் பிடித்து முடக்கும் ஒரு புரதம் வேண்டும் என்பது அக்காவின் தீராத ஆசை. பிளவக்கல், மகாராஜபுரம் பக்கம் வயலில் கடிபட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவர். எந்த நாட்டிலும் ஏழை விவசாயிக்கு இதே கதிதான் என்பார்.

அவரோடு பழகிய எல்லோருக்கும் அந்தப் பால்கோவா வழக்கம் தெரியும். கம்ப்யூட்டர் தரும் வடிவம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். அந்தப் புரதத்தையே பாக்டீரியாவில் வளர்த்தால் திரிந்த பாலாகக் கட்டிவிடும். அப்படித் தோற்ற அன்றைக்குத்தான் அக்கா பால்கோவா வாங்கி வருவார். "செயிச்சவளுக்கு வாய் தானா இனிக்கும். தோத்தவளுக்குத்தான் வாங்கிக் குடுக்கணும்." ஒருமுறை நல்ல வடிவம் ஒன்று வந்ததும் நானே முந்திக்கொண்டு வாங்கிப் போனேன். "படத்தப் பாத்துப் பரிசம் போடாதட்டி" என்று பொட்டலத்தைப் பிரிக்கவே விடவில்லை.

அக்காவின் நோய்க்கும் ஒரு புரதமே காரணம் என்றார் மதுரை டாக்டர். ஈரல் சுரக்கும் புரதம் தவறாக மடிந்து இதயத்தில் படிந்துகொண்டிருந்தது. இருக்கிற மருந்துகளுக்குக் காலம் கடந்துவிட்டது. பேண்டேஜ் துணி ஆலை வைத்திருக்கும் தம்பிக்கு அக்காவே விளக்கினார்: "மடிப்பு தப்புன துணி பெட்டியில அடங்குமாலே? அப்படித்தான்." தம்பி என்னைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் இதத்தான டீச்சர் செய்றீக? அக்காவுக்கு ஒண்ணு செய்யக் கூடாதா?"

அக்கா சம்மதிக்கவில்லை. "பாம்பு கடிச்சவுக முன்னால நிக்காக. நான் பொறவு வந்தவ" என்றார். அவர் பேச்சை நான் கேட்கவில்லை. அவர் இதயத்தில் படியும் புரதத்தைப் பிடிக்க ஒரு வடிவம் கேட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். தோற்றுத் தோற்றுக் கடைசியில் ஒன்று சோதனைக் குழாயில் அந்தப் புரதத்தோடு ஒட்டியது. முடிவை அச்செடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

குழாயில் ஒட்டுவதெல்லாம் மருந்தாகிவிடாது. எலி, பிறகு மனிதர் என்று வருடக்கணக்கில் சோதிக்க வேண்டும். இதை எங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்தவரே அவர்தான். அக்கா அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.

"எனக்குப் போட்டுப் பாக்கலாமாட்டி?"

"ஏலாதுக்கா."

"தெரியும். சும்மா கேட்டேன்" என்று தாளை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

விஷத்தை முடக்கும் புரதத்தை யாராவது செய்து முடித்துவிடுவார்கள். நானே முடித்தாலும் முடிப்பேன். ஆனால் அக்காவிடமிருந்து எனக்கென்று தங்கியிருப்பது அந்தக் கேள்விதான். இன்றைக்கு அவர் எழுந்து வந்து கேட்டாலும் அதே பதிலைத்தான் நான் சொல்ல வேண்டும்.