மீற்பையின் நடுவில் ஒரு ஓட்டை

1. முக்கால் பொய்

எனக்கு இங்கிலிஷ் சாப்பாடு சமைக்கத் தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. முக்கால் பொய்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறகு ஆறு வருடம் பயணிகள் தங்கும் ஒரு வாடிவீட்டுக் குசினியில் கிழங்கு உரித்தேன், பீங்கான் கழுவினேன். பெரிய கோக்கி கஸ்டட் கிண்டும்போதும் ரோஸ்ட் போடும்போதும் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்தது கால்வாசி. மிச்சம் பொய்.

தொண்ணூறுகள், சண்டைக் காலம். குழாய்க்கிணறு அடிக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மட்டக்களப்பு டவுனில் வீடு எடுத்திருந்தது. அதற்குக் கோக்கி தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பொறுப்பாளர் டெனிஸ் சேர், இங்கிலாந்துக்காரர், அறுபதை நெருங்கியவர், குடைக்கம்பிபோல் மெலிந்த ஆள். எங்கள் பேச்சை மொழிபெயர்த்தவன் அவருடைய டிரைவர் ரஞ்சன். கழுத்தில் சிலுவை போட்ட டவுன் வேதக்காரன், என் வயதுதான், இங்கிலிஷ் தண்ணிபோல் வரும்.

"சேர் கேக்கிறார், அவர்ர அம்மா சமைக்கிற மாதிரிச் சமைப்பியாம்?"

"அவர்ர அம்மாவ நான் கண்டதில்லயே மச்சான்."

"விசரா, ஓம் எண்டு சொல்லு."

"ஓம்."

கிழமையில் ஆறு நாள் சோறும் கறியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவின் சாப்பாடு. மூன்று மாதம் பார்ப்பார்களாம், பிடித்தால் நிரந்தரம் என்றான் ரஞ்சன்.

நான் சம்பளத்தை யோசிக்கவில்லை, நிறுவனம் தரும் கார்டைத்தான் யோசித்தேன். என் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். இடையில் பாலம், பாலத்தடியில் ஆமிக்காரர் ஆளையும் சாமானையும் சோதிக்கும் சென்றி. ஒருமுறை வீட்டுக்குப் போகும்போது கையில் கடிதம் எதுவும் இல்லையென்று காலையிலிருந்து பின்னேரம் வரை வெயிலில் குந்த வைத்தார்கள். என்னோடு குந்தியவர்களில் இரண்டு பேரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். வெளிநாட்டு நிறுவனத்தின் கார்டு இருந்தால் "போ, போ" என்பார்கள். எனக்கு முதலில் கிடைத்தது மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகக் கடிதம். அதன் கடைசித் திகதியை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பேன், இரவோடிரவாக மாறிவிடும்போல.

2. கோவா செத்த பிறகு

முதல் ஞாயிறு, முட்டைக்கோஸ் என்கிறார்களே, அந்தக் கோவா அவித்தது, மசித்த கிழங்கு, அரைத்த இறைச்சி என்று சொன்னார். சொன்னபடி செய்ய எனக்கு மனம் வரவில்லை. விருந்தாளியை வேண்டாதவன்தான் அப்படி வைப்பான். கோவாவுக்குக் கொஞ்சம் மஞ்சள், கிழங்குக்குக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தேன், இறைச்சிக்கு ஒரே ஒரு பச்சை மிளகாய்.

பீங்கான் அப்படியே திரும்பி வந்தது. கறிவேப்பிலைகளை மட்டும் ஓரமாக வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு தானே குசினிக்கு வந்தார். கோவாவைத் தண்ணீரில் போடச் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். பத்து நிமிடத்தில் இறக்கப் போனேன், "நோ" என்றார். இருபது நிமிடம், "நோ." கோவா செத்து, அதற்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் "யேஸ்" வந்தது. நிறம் சாம்பல், வாசம் கழுவாத சட்டி. அதை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"மை மதர்," என்றார்.

ரஞ்சன் என் காதுக்குள் சொன்னான்: "மனே, இவர்ர நாட்டுக்காரர் ஏன் கப்பலேறி வந்தவங்க எண்டு இப்பதான் விளங்குது."

3. படத்தில் இருந்த மீற்பை

மூன்றாம் மாதம் தொடங்கியபோது மீற்பை கேட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இறைச்சியைச் சாறாகச் சமைத்துத் தட்டில் ஊற்றி, மேலே கோதுமை மாவும் மாஜரினும் பிசைந்து தட்டிய மூடியைப் போட்டு, ஓரம் முழுக்க அடைத்து, போறணை அடுப்புக்குள் வைத்துச் சுடுவது. நான் வாடிவீட்டில் இதைப் பார்த்ததில்லை. அதையும் சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவர் தாள் எடுத்துப் படம் கீறித் தந்தார். கிணறு அடிக்கிறவர் அல்லவா, குழாய்க்கிணற்றின் குறுக்குவெட்டு மாதிரியே இருந்தது. அடியில் இறைச்சி இரண்டு அங்குலம், மேலே மா கால் அங்குலம். அந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போறணை இல்லை. பெரிய அலுமினியப் பானையில் மணல் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிக்கு மேலே சிரட்டைக் கரித் தணல் போட்டேன். அது பிரச்சினையில்லை. பிரச்சினை உப்பு. நான் மாட்டிறைச்சி வாயில் வைக்க மாட்டேன். ருசி பார்ப்பது ரஞ்சன் பொறுப்பு.

"உப்புக் காணுமா?"

"தெரியல்ல. இன்னொரு துண்டு தா."

"இப்ப?"

"இப்பவும் வடிவா விளங்கல்ல கா. கொஞ்சம் பெரிய துண்டாத் தா."

இரண்டு ஞாயிறு மீற்பை போனது. இரண்டு முறையும் பாதி திரும்பி வந்தது. டெனிஸ் சேர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பேன். "நைஸ்," என்று மட்டும் சொன்னார். நான் போய்க் கடிதத்தின் திகதியை இன்னொருமுறை எடுத்துப் பார்த்தேன்.

4. கம்பி

கடிதம் முடிய ஐந்து நாள். கடைசி ஞாயிறு. படுவான்கரையில் ஒரு கிணற்றுக்குப் பம்ப் பூட்டித் தண்ணீர் திறக்கிறார்கள் என்று சேர் விடியவே பம்ப் ஏற்றிய லொறியில் போய்விட்டார். மீற்பையை மத்தியானம் அங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதுதான் என் கடைசிச் சோதனை என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். மா நன்றாக வந்தது. மூடி பொன்னிறம், ஓரம் முழுக்க விரலால் பூப்போல நசுக்கி அடைத்திருந்தேன். துணியில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறினேன்.

பாலத்தடியில் அன்றைக்கு ஆமிக்காரர் எல்லாரும் புதுசு. எங்களைத் தெரியாது. என் கடிதத்தைக் காட்டியும் இறங்கச் சொன்னார்கள். ஒருவன் துணியை அவிழ்த்தான்.

"இது என்ன?"

"சாப்பாடு சேர். வெள்ளைக்காரச் சேருக்கு."

"உள்ளுக்கு என்ன?"

"இறைச்சி."

"எங்க? காணயில்ல."

"மூடியிருக்கு சேர்."

"ஏன் மூடினது?"

அவன் கேட்டதும் நியாயம்தான். எங்கள் சாப்பாட்டில் சோறு சோறாகத் தெரியும், மீன் மீனாகத் தெரியும், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் மூடிய எதையும் யாரும் நம்பமாட்டார்கள். அதிலும் எல்லாப் பக்கமும் அடைத்து, சூடாக, கனமாக இருந்தால்?

"வெள்ளைக்காரர் மூடித்தான் தின்னுற சேர்," என்றேன்.

அவன் போய்க் கம்பியைக் கொண்டுவந்தான். நெல் மூட்டைக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் குத்திப் பார்க்கிற கம்பி. அன்று காலையிலிருந்து அது எதெதற்குள் போய் வந்ததோ. எங்களுக்கு முன்னால் நின்றது எரு ஏற்றிய வண்டி.

மீற்பையின் சரி நடுவில் வைத்துக் குத்தினான். உஸ்ஸென்று ஆவி வந்தது. அவன் இரண்டடி பின்னால் பாய்ந்தான். அவன் பாய்ந்ததைப் பார்த்து வரிசையே பாய்ந்தது. நான் மட்டும் பாயவில்லை. தட்டு என் கையில் இருந்தது.

பிறகு வாசம் வந்தது. கிட்ட வந்து, ஓட்டையால் வழிந்த சாற்றை விரலில் தொட்டு நக்கினான்.

"உப்பு இல்ல. மிளகாய் இல்ல." முகத்தைச் சுளித்தான். "பாவம் அந்த மனுசன். போ, போ."

5. மரத்தடியில்

பாலத்தைக் கடந்ததும் ரஞ்சன் வண்டியை நிறுத்தினான்.

"சொல்லிப்போடு மச்சான். கம்பி குத்தினது எண்டு."

"சொன்னா தின்னமாட்டார். தின்னாட்டி கையெழுத்து வைக்கமாட்டார்."

"தின்னுட்டுச் செத்தா?"

"செத்தாலும் வைக்கமாட்டார்தானே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரஞ்சன் கரண்டிக் காம்பை ஓட்டைக்குள் விட்டு, கம்பி பட்டதைத் தோண்டி எடுத்து, தானே தின்றான். "நான் முதல்ல போறன். அஞ்சு நிமிசம் பாப்பம்," என்றான். ஐந்து நிமிடம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இன்னொரு கரண்டி கேட்டான்.

கிணற்றடியில் ஊர்ச் சனமெல்லாம் நின்றது. தண்ணீர் வந்து, பிள்ளைகள் தலையை நீட்டி நனைந்துகொண்டிருந்தார்கள். டெனிஸ் சேர் மருத மரத்தடியில் பம்ப் வந்த பலகைப் பெட்டியில் இருந்தார். தட்டை வைத்து, துணியை அவிழ்த்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அவர் ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார்.

"இந்த ஓட்டை போட ஆர் சொல்லித் தந்தது எண்டு கேக்கிறார்," என்றான் ரஞ்சன்.

நான் அவிழ்த்த துணியை மடிக்கத் தொடங்கினேன்.

சேர் ஏதோ மெதுவாகச் சொன்னார். ரஞ்சன் மொழிபெயர்த்தான்.

"அவர்ர அம்மாவும் இப்பிடித்தானாம். ஆவி போறதுக்கு நடுவில ஒரு ஓட்டை போடுவாவாம். இதில்லாமத்தானாம் இவ்வளவு நாளும் ருசி வரல்ல."

முழுவதையும் சாப்பிட்டார். ஓரத்தில் நசுக்கிய பூவைக்கூட விடவில்லை.

அதன் பிறகு இரண்டு நாள் பயத்தில் எனக்குத்தான் வயிற்றோட்டம். அவர் கக்கூசுப் பக்கம் போகும்போதெல்லாம் "சேர் ஓகே?" என்று கேட்டேன். மூன்றாம் நாள் கையெழுத்து வைத்தார். கடிதத்தில் எழுதியிருந்ததை ரஞ்சன் வாசித்துக் காட்டினான்: இவருக்கு இங்கிலிஷ் வீட்டுச் சமையல் அதன் பழைய முறைப்படி தெரியும்.

"பழைய முறை," என்றான் ரஞ்சன். "ஆமிக் கம்பி."

கார்டு வந்தது. என் படத்தோடு, பிளாஸ்ரிக் உறை போட்டு. அந்தச் சனிக்கிழமை பாலத்தடியில் "போ, போ" என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டினேன். சின்னவள் அதை வாங்கிக் கடித்துப் பார்த்தாள்.

6. அரை அங்குலம்

அதற்குப் பிறகு நாலு வருடம், மாதத்தில் இரண்டு ஞாயிறு மீற்பை. ஓட்டை இல்லாமல் ஒன்றுகூடப் போகவில்லை. கரண்டிக் காம்பால் போட்டேன், எனக்கே திருப்தியில்லை. அன்றைக்கு ருசித்த ஓட்டை வேறு அளவு. கிணற்றுச் சாமான்களுக்குள் தேடி அரை அங்குலக் கம்பித் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அவித்துக் கழுவிக் குசினி அலுமாரியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் சேர் ஓட்டையைப் பார்த்துத் தலையாட்டுவார்.

ஆனால் எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவர் கீறித் தந்த படம் என்னிடம் இருந்தது. அடுக்கடுக்காக அளவு போட்ட படம். அதில் ஓட்டை இல்லை. அம்மா போடுகிற ஓட்டையை ஒரு கிணற்று இஞ்சினியர் மறப்பாரா?

அவர் திரும்பிப் போகிற நாள் குசினிக்கு வந்து கை கொடுத்தார். இனி என்னை வேலையை விட்டு நிற்பாட்ட ஆளில்லை என்ற தைரியத்தில், ரஞ்சனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாடிவீட்டில் நான் கோக்கி இல்லை. அந்த ஓட்டை ஆமிக் கம்பி. பாவமன்னிப்புக் கேட்பதுபோல் ரஞ்சனும் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான்.

டெனிஸ் சேர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து இருந்தார்.

"அவருக்கு அண்டைக்கே தெரியுமாம்," என்றான் ரஞ்சன். "சாத்துக்குள்ள நெல் உமி ரெண்டு கிடந்ததாம். நீ பக்கத்தில சுடக் கொண்டுவந்த ஆள்மாதிரி நிண்டியாம். வேற என்ன சொல்ற எண்டு தெரியாமத்தான் அம்மாவ இழுத்தவராம்."

"அப்ப அவர்ர அம்மா ஓட்டை போடுறயில்லயா?"

ரஞ்சன் கேட்டான். சேர் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

"அம்மா மாவில கை வச்சதே இல்லயாம். விடிஞ்சா பொழுதுபட்டா தொழிற்சாலைதானாம். மீற்பை டின்னில வரும், சுடவச்சுத் தருவாவாம். கோவா பள்ளிக்கூடத்தில திண்டதாம். வீட்டில சமைச்ச மீற்பை, பக்கத்து வீட்டு யன்னலால வந்த வாசம் மட்டுந்தானாம்."

பிறகு சேர் இன்னும் ஒரு வரி சொன்னார். ரஞ்சன் அதை மொழிபெயர்க்க மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது.

"முதல் முதல் அவருக்கெண்டு வீட்டில செய்த மீற்பை, நீ செய்ததுதானாம்."

இப்போது கடற்கரை ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் மீற்பை பழக வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவர் தன் அம்மாவின் சமையல் வேண்டும் என்று கேட்டால், அந்த அம்மா எப்படிச் சமைத்தா என்று துருவாதீர்கள். ஓம் என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டுங்கள்.

அந்த அரை அங்குலக் கம்பியால் நடுவில் ஓட்டை போடவும் பழக்குகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், "ஆவி போறதுக்கு மகன், பழைய முறை," என்பேன்.