இரண்டாவது குளிர்

பத்தொன்பது வருஷமாக இறகு பிரிக்கிறவள்மேல் இறகு ஒட்டாமல் இருக்குமா? தலைமுடியில் ஒன்று, சட்டைக் காலரில் ஒன்று, மூக்குக்கண்ணாடியின் காதில் ஒன்று என்று எப்போதும் இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எடுத்து அவள் கையிலேயே கொடுப்பார்கள். வீட்டில் கணவர் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார். கடையில் எல்லோருக்கும் அவள் கோழியக்கா. முதல் வருஷம் கோபம் வந்தது. அப்புறம் அதற்கும் தெம்பு இல்லாமல் போய்விட்டது.

அது மீன்பிடி சாமான் கடை. முன்பக்கம் தூண்டில் கம்புகள், ரீல்கள், இடுப்புவரை ஏறும் ரப்பர் காலணிகள். பின்னறை அவளுடையது. ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, சுவர் நிறைய இழுப்பறைகள், மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு ஃப்ரீசர். புழு கோத்து மீன் பிடிக்கிறவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். தூண்டில் முள்ளின்மேல் இறகையும் ரோமத்தையும் நூலால் சுற்றிப் பூச்சிமாதிரி கட்டி, மீனை ஏமாற்றுகிறவர்களுக்குத்தான் அந்த அறை. சேவல் கழுத்துத் தோலை விரித்து, எந்த இறகு எந்த அளவு முள்ளுக்கு என்று அவள் பிரிக்க வேண்டும். மான் ரோமம் உள்ளே குழாய்போல வெற்றாக இருக்கும், அதனால் மிதக்கும். முயல் ரோமம் தண்ணீரைக் குடித்து அமிழும். மயிலிறகில் ஓர் இழை போதும், ஒரு வண்டின் உடம்பு தயார். இவ்வளவும் தெரிந்தவள் ஒருநாள்கூடத் தூண்டில் போட்டதில்லை. மீனை அவள் பார்த்ததெல்லாம் தட்டில்தான்.

முன்பக்கத்து விற்பனையாளனுக்குச் சொற்பொழிவு என்று பெயர் வைத்தது அவள்தான். ஒரு கம்பு வாங்க வந்தவரை முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிடுவான்.

"இருக்கறதுலயே ஒசத்தியான கம்பா குடுங்க" என்பார் வந்தவர்.

"குடுக்கறேன் சார். எந்தத் தண்ணி? ஓடையா, ஏரியா?"

"ஏன், ஏரி மீனுக்கு வேற கம்பு தெரியுமா?"

"மீனுக்குத் தெரியாது சார், உங்க தோளுக்குத் தெரியும். மத்த தூண்டில்ல ஈயக்குண்டு கயித்த இழுத்துட்டுப் போகும். இதுல பூச்சிக்கு எடையே கெடையாது. நீங்க எறியறது கயித்தத்தான். அதனால மொதல்ல கயிறு, அப்புறம் அதே நம்பர்ல கம்பு, கடைசியா ரீல். எல்லாரும் தலைகீழா வாங்குவாங்க. வாங்கிட்டு, மரத்துல மாட்டிக்கிட்டு, என்னைத் திட்டுவாங்க."

பேசிக்கொண்டே பின்னறைக்கு வந்து ஒரு இழுப்பறையை இழுப்பான். இறகை எடுத்துக்கொண்டு போவான். மூடமாட்டான். "இந்த ஆளு பொறந்த வீட்ல கதவே கெடையாதுபோல" என்று அவள் எழுந்துபோய் மூடுவாள். மூடிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்துப்பூச்சி ஒன்று உள்ளே போய் முட்டையிட்டால் போதும், புழுக்கள் இறகைத் தின்று வெறும் தண்டை மிச்சம் வைக்கும். முதலாளி அவனை இரண்டு தடவை எச்சரித்திருந்தார்.

வெளியிலிருந்து வரும் பழைய சரக்குக்கு இன்னொரு விதி. பதினைந்து நாள் ஃப்ரீசர், இரண்டு நாள் வெளியே, மறுபடி பதினைந்து நாள் ஃப்ரீசர். முதல் குளிரில் புழு சாகும். முட்டை சில சமயம் சாகாது. வெளிச்சூட்டுக்கு ஏமாந்து அது பொரிந்ததும் இரண்டாவது குளிர் அதைப் பிடிக்கும். ஒவ்வொரு குளிருக்கும் பெட்டியின்மேல் ஒரு டிக். இந்த விதியைக் கொண்டுவந்தவளே கோழியக்காதான். இத்தனை வருஷத்தில் ஒரு பூச்சி பறந்ததில்லை. அதனால்தான், இரண்டு வருஷத்துக்குமுன் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது, "புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா, ஒங்க வேலையில நான் கணக்குப் பார்க்கமாட்டேன்" என்று முதலாளி சொன்னார். முதலாளியின் அப்பா, பெரியவர் காலத்திலிருந்து இருப்பவள் என்பதால் முதலாளியை அவள் தம்பி என்றே கூப்பிடுவாள். வேறு யாருக்கும் அந்தக் கடையில் அரைநாள் விடுப்பு கிடையாது.

அந்தப் புதன்கிழமைதான் அவள் வாரத்தைத் தாங்கிப் பிடித்த ஆணி. ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் கணவர் வலதுகையால் மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். அவள் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். தூக்கம் இல்லை அது, சும்மா மூடுவது.

பூச்சி கட்டி மீன்பிடித்துவந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இறந்தபின், அவர் மகள் மூன்று செருப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே பழம்பொன் நிறத்தில் சேவல் கழுத்துத் தோல்கள். இப்போது அப்படி வருவதில்லை. முதல் குளிர் ஒழுங்காக முடிந்தது. எடுத்து வெளியே வைத்தாள். இரண்டாம் நாள் விடியற்காலை கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. ஆனால் தூக்கி நிறுத்தி, துடைத்து, சட்டை மாட்டி, கடைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கைகால் தன்னுடையது மாதிரியே இல்லை. ஃப்ரீசர் நிரம்பி வழிந்தது. இடம் பண்ண வேண்டுமானால் பாதியை இறக்கி ஏற்ற வேண்டும். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டிகளை இழுப்பறையில் தள்ளினாள். எப்படியும் வைக்கத்தானே போகிறோம் என்று இரண்டாவது டிக்கையும் அடித்தாள். அந்த டிக்கே அவளை ஏமாற்றிவிட்டது. மறுநாள் வேறு வேலை வந்தது; பதினைந்து நாள் கழித்துப் பெட்டியைப் பார்த்தபோது, வைத்து எடுத்ததுபோலவே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சொற்பொழிவு ஒரு வாடிக்கையாளருக்கு அந்தக் கழுத்தை விரித்துக் காட்டினான். வாடிக்கையாளர் ஓர் இறகைப் பிடுங்கினார். பஞ்சு கொட்டியது, கையில் ஈர்க்குச்சி மிஞ்சியது.

"ஏன் தம்பி, மீன் தின்னுட்டு மிச்சம் வச்சதா இது?"

இழுப்பறையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று சோம்பலாகப் பறந்து விளக்கில் முட்டியது. அடுத்த இழுப்பறையிலும் மணல்மாதிரித் தூள். அதற்கடுத்ததிலும்.

முதலாளி வந்தார். பெட்டியைத் திருப்பி டிக்குகளைப் பார்த்தார். இரண்டும் இருந்தன. அப்புறம் திறந்தபடி கிடந்த இழுப்பறையைப் பார்த்தார். அப்புறம் சொற்பொழிவை.

"ரெண்டு தடவ சொன்னேன்ல?"

"சார், நான் தெறந்து வச்சது உண்மைதான். ஆனா..."

"திங்கக்கிழமை வந்து கணக்க முடிச்சுக்க."

அவ்வளவு பேசுகிறவன் வாடிக்கையாளரின் கயிற்றை உறையில் போட்டு, நாடா ஒட்டி, இரண்டு தடவை ஒட்டி, கொடுத்தான்.

கோழியக்கா மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவனை அவளுக்குப் பிடிக்காது. வேறு கடை கிடைக்கும் அவனுக்கு, வாய் இருக்கிறது. பூச்சி அவன் திறந்து வைத்த வழியாகவே வந்திருக்கவும்கூடும், யார் கண்டது. இப்படியெல்லாம் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. கண்டது அவள்தான். மற்ற இழுப்பறைகளில் தூள் கொஞ்சம்தான். செருப்புப் பெட்டிகளின் அடியில் கூடு கட்டியே இருந்தது. சொன்னால் புதன்கிழமை போகும். கணவர் தனியாகப் பேருந்து ஏறுவாரா? சனிக்கிழமை காலை வரை அதையே நினைத்தாள்.

காலையில் முதலாளி கடையைத் திறந்தவுடன் போய் நின்றாள்.

"தம்பி, ரெண்டாவது டிக் பொய். நான் வைக்கல."

அவர் சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அலுப்பா இருந்துச்சு. அப்புறந்தான் மறந்தேன்."

அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு இழுப்பறைகளைப் பார்த்தார். பெரியவராக இருந்தால் கத்தியிருப்பார், அது தேவலை. "எல்லா இழுப்பறையும் காலி பண்ணணும். தேறினதெல்லாம் ரெண்டு குளிர். மூணு மாசம் ஆகும்" என்றார். "ஒங்களத் தவிர யாருக்கும் தரம் தெரியாது. புதன்கிழமை முடியாதுக்கா. இனிமே ரெண்டாவது டிக்க அவன் அடிக்கட்டும்."

"எவன்?"

"வேற எவன். சொல்லிடுங்க, திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லி."

மத்தியானம் தன் சாமான்களை எடுக்க வந்த சொற்பொழிவிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் நன்றி எதுவும் சொல்லவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாம்லக்கா. என் பொண்டாட்டிகிட்ட வேலை போச்சுன்னு சொல்லிட்டேன். அவ அவங்க அண்ணனுக்குப் போன் பண்ணிட்டா. அவரு நாளைக்கு என்னைத் திட்டறதுக்குன்னே கெளம்பி வர்றாரு."

"வரட்டும். அவருக்கு ஒரு கம்பு வித்துடு."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது இழுப்பறையை மூடிவிட்டுப் போனான்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் வாயை ஒரு பக்கமாகக் கோணி யோசித்தார். பேச்சு இன்னும் மெதுவாகத்தான் வரும்.

"நானே... போயிக்கறேன்."

"ரெண்டு பஸ் மாறணும்."

"தெரியும். ஆறு மாசமாவே... போயிருக்கலாம்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஆசையா... வர்றியேன்னு."

அவள் கையில் தட்டுடன் நின்றாள். இத்தனை மாதம் அவருக்குத் துணை வேண்டுமே என்று அவள் போனாள், அவளுக்கு ஆசையாக இருக்கிறதே என்று அவர் கூட்டிப்போனார். சிரிக்கலாமா என்று பார்த்தாள். அதற்கும் உட்கார வேண்டியிருந்தது.

புதன்கிழமை மூன்று மணிக்கு மேசையில் நாற்பது கழுத்துகள் கிடந்தன. தண்டு மட்டும் மிஞ்சியவை ஒரு சாக்கில். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பையிலிட்டு ஃப்ரீசரில் அடுக்கினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. போன் அடித்தது.

"எறங்கிட்டேன்" என்றார் கணவர். பின்னால் பேருந்துச் சத்தம். "ஒருத்தரு... எடம் குடுத்தாரு. நான் உக்காரல."

"உக்காந்திருக்கலாம்ல" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஃப்ரீசரின் கதவைத் தோளால் அழுத்தி மூடினாள். மேசையிலிருந்த காலிப் பெட்டிகளின்மேல் தேதி போட்டு முதல் டிக் அடித்தாள். பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோழியக்கா, பத்தாம் நம்பர் முள்ளுக்கு எறகு" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லு" என்றாள், கண்ணைத் திறக்காமல்.