புளி போட்டுத் தேய்க்காத டப்பா

கல்லின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததும் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. அம்மாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிஷம்தான்.

அது இட்லிமாவுப் பாத்திரத்தின் மூடி மேல் பாரத்துக்கு வைக்கிற கல். உள்ளங்கை அகலம், வெள்ளை. அப்பா மலையிலிருந்து எடுத்து வந்தது. ஆவணியில் அப்பா இறந்தார். தை முடிவதற்குள் கள்ளக்குறிச்சி வாடகை வீட்டைக் காலி செய்து அம்மாவை ஓசூருக்கு, அண்ணன் வீட்டுக்கு, அழைத்துப்போவது என்று முடிவாகிவிட்டது. சாமான் கட்ட அண்ணி குழந்தையோடு முன்னாலேயே வந்துவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து "வேணுமா, வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் அந்தக் கல்லைக் கையில் எடுத்தாள்.

"ஏன், ஓசூர்ல கல்லே கெடைக்காதா? இதையும் வண்டில ஏத்தணுமா?"

வெளியே போடப் போனாள். நான் பிடுங்கிக்கொண்டேன். கழுவும்போது பார்த்தால் கல்லின் அடிப்பக்கம் முழுக்கக் குழி குழியாக அரித்திருந்தது. வெயில் காலத்தில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். புளித்த மாவு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைத் தின்றிருக்கிறது. அப்படியானால் இது சுண்ணாம்புக் கல்லாகத்தான் இருக்க வேண்டும். நான் படித்தது வேதியியல். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. எலுமிச்சம்பழத்துக்கு ஓடினேன்.

"அம்மா, இத அப்பா எங்கேர்ந்து எடுத்துக்கினு வந்தாரு?"

"சாப்புடுற எடத்துலர்ந்து" என்றாள் அம்மா, பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே.

அப்பா மினி லாரி ஓட்டினார். வெள்ளிமலைப் பக்கம் விளைகிற மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு கீழே ஆலைக்கு வருவார். மதியம் மலைப்பாதையில் ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பள்ளத்தில் இருக்கும் ஓடைக்கு இறங்கி, அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்று, டப்பாவை அங்கேயே கழுவி எடுத்து வருவார். கழுவிய டப்பாவில் வெள்ளையாக ஒன்று படிந்திருக்கும். அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

"இன்னா தண்ணில கழுவிக்கினு வர்றீங்களோ, சாம்பல் பூத்தாப்புல கீது" என்று தினமும் திட்டுவாள். தினமும் புளி போட்டுத் தேய்ப்பாள். மறுநாள் மறுபடி வெள்ளை வரும். மறுபடி புளி.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. கல்லும் அந்த ஓடையுடையது, டப்பாவின் வெள்ளையும் அந்த ஓடையுடையது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தண்ணீர் காய்ந்ததும் படிந்துவிடுகிறது. நான் இதைப் படபடவென்று விளக்கிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பரண் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே அந்த டப்பா இருந்தது.

கடைசி நாள் அப்பா அசதியில் சாப்பாட்டுப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்து படுத்தவர், மறுநாள் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு வண்டி முதலாளி சீட்டுக்கு அடியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தார். டப்பா கழுவி மூடியிருந்தது. உள்ளே வெள்ளை. அம்மா அதை மட்டும் தேய்க்கவில்லை. அப்படியே பரணில் ஏற்றிவிட்டாள்.

"தெனமும் போய்க்கினு வந்தாரு. நானு ஒரு நாளும் அந்த எடத்தப் பாத்ததில்ல" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கல்வராயன் மலையைப் பார்த்தவள் அவள். ஒரு முறைகூடப் போனதில்லை. ஓசூருக்குப் போய்விட்டால் அப்புறம் யார் வரப்போகிறார்கள்? வீடும் இல்லை, அப்பாவும் இல்லை.

"ஞாயித்துக்கெழம போலாம்மா. எல்லாரும். பாப்பாகூட நடக்கிற மாதிரி எடம்தான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் என்ன மறந்தேன் என்பது விளங்கியது. இறந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்புகிற வரைக்கும் மலை ஏறக் கூடாது.

"அது மலக்கோயிலுக்கும்மா! நாம கோயிலுக்கா போறோம்?"

"மல மலதான்டி."

நான் வாதாடினேன். இணையத்தில் தேடிக் காட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் வழி சொன்னது அண்ணிதான்.

"அத்த, ஏறப் போறது பஸ்ஸு. நீங்க சீட்ல உக்காந்துக்கினு வரப் போறீங்க. எறங்குனா, அங்கேர்ந்து ஓடைக்குப் பள்ளம். எறக்கந்தான். நீங்க எங்க ஏறுறீங்க? பஸ்ஸுக்கு வேணா தீட்டு வரட்டும்."

அம்மா "காலு வெச்சு ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். சரி என்றோம். இறங்கினால் திரும்ப ஏறித்தான் வர வேண்டும் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டோம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அப்பாவோடு ஓட்டிய இன்னொரு டிரைவரிடம் போனில் அடையாளம் கேட்டுக்கொண்டேன். பெரிய புளியமரம், அதைத் தாண்டிய வளைவு, உடைந்த கைப்பிடிச் சுவர். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையில் வளைய ஆரம்பித்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மயக்கம் வராமலிருக்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். நாங்கள் இறங்கும்போது கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

"இங்க இன்னாம்மா கீது? ஊரே இல்லியே."

"ஊட்டுக்காரரு சாப்புடுற எடம்" என்றாள் அம்மா. கண்டக்டர் சாயங்காலம் கீழே இறங்கும் கடைசி பஸ்ஸை இங்கேயே கை காட்டி நிறுத்தச் சொன்னார்.

ஒற்றையடிப் பாதை. மூங்கில், கடுக்காய் மரங்கள், காலடியில் சருகு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்ததால் ஒரு கழி ஒடித்துக் கொடுத்தேன். குழந்தை சலித்துவிடக் கூடாதே என்று அவளுக்கு ஒரு விளையாட்டு. வழியில் கிடக்கிற கல்லை எடுத்துத் தர வேண்டும், நான் எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு விடுவேன், பொங்குகிறதா பார்க்க வேண்டும். இந்த மலை அநேகமாகக் கருங்கல். ஒன்றும் பொங்கவில்லை.

"அத்த, இது பொங்குமா?"

"இல்ல."

"இது?"

"அதுவும் இல்ல."

"உன் பழம் கெட்டுப்போச்சு" என்றாள் குழந்தை.

"அத்தைய மாதிரியே" என்றாள் அண்ணி பின்னாலிருந்து, என்னைக் காட்டி. அம்மா சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன்.

ஈரக்காற்று அடித்த இடத்தில் குழந்தை கொடுத்த கல் பொங்கியது. அவள் போட்ட கூச்சலில் ஏதோ பறவை எழுந்து போனது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓடை. கரை நெடுக, வேரிலும் சருகிலும்கூட, சுண்ணாம்பு பால் போலப் படிந்து இறுகியிருந்தது. நடுவில் தட்டையாக ஒரு வெள்ளைப் பாறை. ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். கையால் தடவினாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள்.

அண்ணி பையிலிருந்து சாப்பாட்டை எடுத்தாள். மேலே அந்த டப்பா. அப்பாவின் இடத்துக்குப் போகிறோம், அம்மா அப்பாவின் டப்பாவிலேயே சாப்பிடட்டும் என்று அவளாக நினைத்து, விடியற்காலையில் பரணிலிருந்து எடுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் முகம் பார்க்கக் காத்திருந்தாள். அம்மாவுக்கும் முகம் மலர்ந்துதான் போயிற்று. மூடியைத் திறந்தாள்.

புளிசோறு. வெளியூர் கிளம்பினால் கெட்டுப்போகாது என்று எங்கள் வீட்டில் எப்போதும் கட்டுகிற அதே புளிசோறு.

அம்மா ஓரத்தில் சோற்றை விரலால் ஒதுக்கினாள். சோறு பட்ட இடமெல்லாம் வெள்ளை போய் டப்பா பளபளவென்று மின்னியது. தினமும் புளி போட்டுத் தேய்த்தவளுக்கு யாரும் வேதியியல் சொல்லித்தர வேண்டியதில்லை. சோற்றை எங்களுக்குப் பிரித்து வைத்துவிட்டு டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்த, உப்பு ஜாஸ்தியா?" என்றாள் அண்ணி. நான் அவள் காதில் சொன்னேன். அவளுக்குக் கை நின்றுவிட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதே அத்த... நல்லதுன்னுதானே..." என்று அழ ஆரம்பித்தாள். அதுவரை எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தவள்.

"அழுவாத. நீ இன்னா பண்ணுவ பாவம். சாப்புடு" என்றாள் அம்மா.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா தானே ஓடையில் இறங்கி டப்பாவைக் கழுவினாள். துடைக்கவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீரோடு, வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பாறை மேல் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வெயில் நகர நகர டப்பாவையும் நகர்த்தினாள்.

மரநிழல் பாறையைத் தொட்டபோது நான் மெதுவாக, "பஸ்ஸுக்கு நேரமாவுதும்மா" என்றேன்.

"காயட்டும்."

"வூட்லயும் காயும்மா."

"ஏற மாட்டேன்னு அன்னிக்கே சொன்னனா இல்லயா?"

அப்போதுதான் நானும் அண்ணியும் அந்தப் பாதையை நிமிர்ந்து பார்த்தோம். முழுக்க ஏற்றம். எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. குழந்தை அண்ணி மடியில் தூங்கிவிட்டிருந்தாள். நான் எதையோ பேசிக்கொண்டே போனேன், பஸ், இருட்டு, காட்டு மிருகம் என்று. அம்மா காதில் வாங்கவில்லை.

டப்பாவின் கடைசி ஈரம் காய்ந்தது. அடியில் மெல்லிசாக, மூச்சுவிட்டால் பறந்துவிடும் போல, ஒரு வெள்ளை. அம்மா அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"வந்துடுச்சும்மா" என்றேன்.

"வந்துடுச்சு" என்றாள். "ஆனா இது அவரு கழுவுனது இல்லயே."



அவளே மூடியைப் போட்டாள். அவளே கழியை எடுத்துக்கொண்டாள். "அம்மா, மலை ஏற..." என்று நான்தான் இழுத்தேன்.

"ஏறுனா இன்னா ஆயிடும்? ஆவ வேண்டியதெல்லாம் ஆயிடுச்சு. வாங்க" என்றாள்.

பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஒரு வேரின் மேல் உட்கார்ந்தாள். வேர், யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து, வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். போன ஆடியில் அப்பா, 'கொஞ்ச தூரம் ஏறுனாலே மாரடைக்குது' என்று சொன்னாராம். 'வயசாவுது இல்ல?' என்று இவள் சொன்னாளாம். அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி எழுந்து நடந்தாள். கடைசி பஸ் எங்களுக்காக வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் வண்டி வந்தது. மாவுக் கல்லைப் பழைய புடவையில் சுற்றிப் பாத்திரங்களோடு வைத்தது அண்ணிதான். டப்பாவை அம்மா மடியில் வைத்துக்கொண்டு போனாள். நான் வேலை கிடைக்கிற வரைக்கும் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு தோழியின் வீட்டில் இருக்கிறேன். நேற்று அம்மா போன் செய்தாள். அங்கே ஃபில்டர் தண்ணீராம், பாத்திரத்தில் ஒன்றுமே படிவதில்லையாம். வருஷப் படையலை அந்தப் பாறையில் வைக்க வேண்டுமாம். அண்ணன் கத்தினானாம்.

"நானு வர்றன்னு சொல்லிட்டேன். ஆனா அந்த ஏத்தம் முடியாதுடி. முட்டி வுட்டுப்போச்சு" என்றாள்.

அந்த ஓடை மேலே எங்கேயாவது ஒரு ஊர்ப் பக்கம் சாலையை ஒட்டி ஓடத்தான் வேண்டும். அங்கிருந்து கரையோடு இறங்கி வந்தால், பாறையிலிருந்து திரும்பும் ஏற்றமும் மெதுவாகவே இருக்கும், முழங்காலுக்கும் குழந்தைக்கும் தாங்கும். அப்படி ஒரு வழி இருக்குமா என்று தெரியவில்லை. வரும் ஞாயிறு முதல் பஸ்ஸில் வெள்ளிமலை வரை போய், அங்கே விசாரித்துக்கொண்டு ஓடையோடு நடந்து பார்க்கப்போகிறேன். சோறு கட்டிக்கொண்டு போவதாக இல்லை. வழியில் கிடக்கிற கற்களுக்குச் சொட்டுவிட எலுமிச்சம்பழம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாக வாங்கி வைத்திருக்கிறேன்.