மாலை போட்ட பெட்டிக்குக் காய்ச்சல்

குழந்தைகளே, இது நான் செய்த தப்பு. படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அரியலூரில் ஒரு சின்ன இன்டர்நெட் ஆபீஸில் வேலை செய்கிறேன். சுற்றுப்பக்க ஊர்களுக்கு நெட் எங்கள் ரூட்டர் பெட்டி வழியாகத்தான் போகிறது. அதன் சூடு அறுபது டிகிரியைத் தாண்டினால் என் போனுக்கு மெசேஜ் வரும்படி நானே செட் செய்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, கனமாக ஒரு சாமந்தி மாலை போட்டேன். லீவில் நெட் ஓட்டம் குறைவு. லீவு முடிந்து ஆபீஸ் திறந்த காலையில்தான், சூடு அதிகம் என்று மெசேஜ் மேல் மெசேஜ். அன்று கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கீழப்பழுவூர் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். "பிள்ளைங்க வரிசையில நிக்குதுங்க. நெட்டு மட்டும் போயிடக் கூடாதுங்க."

'நெட்டுதான் ஓடுதே, இது சும்மா கத்துது' என்று மெசேஜ் வரும் அளவை எண்பதுக்கு ஏற்றிவிட்டேன். போன் அடங்கியது. எனக்கு நிம்மதி.

பெருக்க வந்த ராணி அக்கா பெட்டியைத் தொட்டதும் கையை உதறினார்.

"தம்பி, இதுக்குக் காய்ச்சல் கொதிக்குது! மூக்கைப் பூவால அடைச்சிட்டு சாமி கும்பிட்டா எப்படி மூச்சு வுடும்?"

காற்று போகும் ஓட்டையை மாலை மூடியிருந்தது. கழற்றியதும் சூடு இறங்கியது. அளவை மறுபடி அறுபதாக்கினேன். சாயங்காலம், "எல்லாருக்கும் அனுப்பியாச்சுங்க" என்று கீழப்பழுவூரிலிருந்து போன் வந்த பிறகுதான் எனக்கு டீயே இறங்கியது.

இப்போதெல்லாம் என் மகள், "தலை வலிக்குதுப்பா" என்றால், "ஸ்கூலுக்குப் போகாம இருக்கச் சும்மா சொல்றியா?" என்று கேட்பதில்லை. முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். பாதி நாள் அது சும்மாதான். இருக்கட்டும்.