எட்டு மஞ்சள் கரு

என் கணவர் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு, புருஷன் உடம்பைப் பார்த்துக்கொள்வது உனக்குப் பொறுக்கவில்லையா என்று என்னைக் கேட்டவர்கள் நிறையப் பேர்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அரசாங்க ஆபீசில் வேலை. அங்கே ஒருநாள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் சுற்றினார். பயந்துபோயிருந்தார். எனக்கும் பயம்தான். லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரியின் மாடியில் ஜிம் இருந்தது. அதில் போய்ச் சேருங்கள் என்று சொன்னதே நான்தான்.

சேர்ந்த அன்று முட்டை அட்டை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். முப்பது முட்டை.

"தெனம் காலைல எட்டு அவிச்சிடு. வெள்ள மட்டும்தான் நான் சாப்புடணும். மஞ்சள்ல கொழுப்பு."

"எட்டு மஞ்சளையும் இன்னாங்க பண்றது?"

"நீ சாப்புடு. வேஸ்ட் பண்ணாத."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் யோசிக்க அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஜிம்மிலிருந்து வியர்வையோடு வந்து உட்கார்ந்தார். முட்டையை இரண்டாகப் பிளந்தார். கட்டைவிரலால் மஞ்சளை நெம்பித் தள்ளினார். அது உருண்டு என் தட்டில் விழுந்தது. அடுத்தது. அடுத்தது. டீவியில் செய்தி பார்த்துக்கொண்டே செய்தார். எட்டாவது விழுந்ததும் வெள்ளைகள் மீது மிளகுத்தூளைத் தூவிச் சாப்பிட ஆரம்பித்தார். என் தட்டில் இரண்டு இட்லியும், ஓரத்தில் பச்சை படிந்த எட்டு மஞ்சள் உருண்டைகளும் கிடந்தன. சிலவற்றில் அவர் கட்டைவிரலின் குழி பதிந்திருந்தது.

நான் தின்றேன். எனக்குக் கொட்ட வராது. என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிக் கிடந்த வருடங்களில் எங்கள் வீட்டில் அவித்த முட்டையை நூலால் அறுத்துத்தான் பங்கு போடுவார்கள். அப்படி வளர்ந்தவளுக்குக் குப்பைத் தொட்டி வரை கை போகுமே தவிர, கவிழ்க்காது. இது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் வேஸ்ட் பண்ணாதே என்றார்.

நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவது என் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் உட்காருவேன். தின்று முடிக்காத மஞ்சள்களை டிபன் பாக்ஸில் எடுத்துப் போவேன். வெங்காயம் தக்காளி போட்டுப் பிரட்டிப் பார்த்தேன். மிளகு ரசத்துச் சோற்றில் பிசைந்தேன். பாக்ஸைத் திறந்ததும் அந்த வாடைக்குப் பக்கத்து கவுண்டர் பெண் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வாள். "அக்கா, இன்னிக்கும் அதேவா?" என்பாள். மஞ்சள் கரு ஒன்றிரண்டு என்றால் ருசி. தினமும் எட்டு என்றால் அது தொண்டையில் சுண்ணாம்பு மாதிரி அப்பும். தண்ணீர் குடித்துக் குடித்து இறக்குவேன். வீட்டுச் சொந்தக்காரரம்மாவின் பூனைக்கு வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் தின்றது. மூன்றாம் நாள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. பூனைக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை.

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. ஒரு லீவு நாள் சாயங்காலம் டியூஷன் விட்டு வந்து, பசிக்குது, ஆம்லெட் போட்டுக் கொடு என்றாள். நான் அட்டையில் கை வைத்ததும் உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"அதுல கைய வெக்காத. ஒரு அட்ட நாலு நாளைக்குக் கூட வரல. அவளுக்கு அந்த மஞ்சளக் குடு, காலைலது இருக்குல்ல."

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா ஒதுக்குனத நான் ஏம்மா திங்கணும்? நீதான் திங்கற, என்னையும் ஏன் இழுக்கறீங்க?"

நான் அவளை அறைந்தேன்.

அவரை இல்லை, அவளை. அப்பாவைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது என்று சொல்லி அறைந்தேன். அவள் அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். இத்தனை வருடத்தில் என் கை செய்த காரியங்களில் இதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. பதினைந்து வயதுப் பெண் ஒரே மூச்சில் கண்டுபிடித்த நியாயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஏழெட்டு மாதம் பிடித்தது.

அந்த மாதங்களில் அவருக்குத் தொப்பை கரைந்தது. பழைய சட்டைகள் தொளதொளத்தன. மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தார், நல்லபடியாக வந்தது. எனக்கு ஜாக்கெட் எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது.

அவருடைய அக்கா முத்தியால்பேட்டையில் புதுவீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். என் நாத்தனார். வந்தவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, ஆளே மாறிட்ட, பத்து வயசு கொறஞ்சுட்ட என்று தோளைத் தட்டினார்கள். அவரும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். பந்தியில் நான் உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் வந்து என் முதுகில் கை வைத்தார்.

"இன்னா இப்டி ஊதிட்ட நீ? எந்தம்பி பக்கத்துல நின்னா அவனுக்கு அக்கா மாதிரி இருக்க."

இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த என் கணவர் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "வாயக் கட்டணும்ல அக்கா. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். கேக்கறதில்ல."

பந்தியே சிரித்தது. பக்கத்து இலைக்காரர், முகம் தெரியாத யாரோ ஒருவர், அவரும் சிரித்தார்.

சொல்ல வேண்டியதெல்லாம் வாய் வரை வந்தது. அங்கேயே நின்றது. இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். வாயைக் கட்டணுமாம். யார் வாயை? அவர் வாயைக் கட்டியதால் மிஞ்சியதெல்லாம் யார் வாயில் போனது?

அடுத்த வாரம் கடையில் எனக்கு விடுமுறை நாள். வழக்கம்போல எட்டு முட்டை அவித்தேன். வழக்கம்போல எட்டு மஞ்சள் என் தட்டில் விழுந்தன. அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் அந்த எட்டையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, பேக்கரி மாடிக்குப் போனேன். ஜிம்மில் அந்த நேரம் கூட்டம் இல்லை. கண்ணாடி முன்னால் இரண்டு காலேஜ் பெண்கள் மட்டும் எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்கிறவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கலாம். மேஜையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் முழு முட்டைகள் இருந்தன. மஞ்சளோடு.

நான் யார் என்று சொன்னேன். டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"தம்பி, எட்டு வெள்ள சாப்புடச் சொல்லிட்டீங்க. இந்த எட்டயும் இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, நான் எட்டு வெள்ளன்னு சொல்லவே இல்லக்கா. ரெண்டு முழு முட்ட, கூட நாலு வெள்ளன்னுதான் எழுதிக் குடுத்தேன். சாருதான் மஞ்சளே வேணாம், எட்டும் வெள்ளயாவே சாப்டுக்கறேன்னாரு. அவ்ளோ மஞ்சள் வீணாப் போவுமே சார்னு கூடக் கேட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"வீட்ல நாய் இருக்குது, அது தின்னுக்கும்னாரு."

நான் டப்பாவின் மூடியைக் கையில் எடுத்தேன். அந்தப் பையனுக்கு என்ன புரிந்ததோ, அக்கறையாகவே மேலே சொன்னார்: "ஆனா நாய்க்கும் டெய்லி எட்டு குடுக்காதீங்கக்கா. அதுக்கும் ஒத்துக்காது."

எங்கள் வீட்டில் நாய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. வீட்டுச் சொந்தக்காரர் பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். வாடகைக்கு விடும்போதே நாய் கீய் வளர்க்கக் கூடாது என்று கறாராகச் சொன்னவர்.

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பேக்கரி வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் எட்டையும் கவிழ்த்தேன். கை கூசவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்தார். மகள் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போ என்று நான் சொல்லவில்லை. அவள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"நம்ம வூட்ல நாய் இருக்குதாமே," என்றேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. "ஜிம்முக்கா போன? அறிவிருக்கா ஒனக்கு? அங்கல்லாம் போய் என் மானத்த வாங்கறியா?"

"நாய் எங்க இருக்குதுன்னு சொல்லுங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அத ஒரு விஷயம்னு புடிச்சுக்கிட்டு. பொண்டாட்டி திங்கறான்னு எப்டிச் சொல்றது? கேவலமா இருக்காது?"

அவர் வாயாலேயே வந்தது. அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இவருக்குத் தெரியாது, ஆண்பிள்ளை, கவனிக்கவில்லை, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்றெல்லாம் நானே அவருக்காக வக்காலத்து வாங்கி வைத்திருந்தேன். அப்படி இல்லை. கேவலம் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. வெளியே சொல்லக் கூசுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சம், தினமும் காலையில் என் தட்டில் உருட்டிவிடும்போது மட்டும் வரவில்லை.

"சொல்றதுக்குக் கேவலமா இருக்கு, குடுக்கறதுக்குக் கேவலமா இல்லயா ஒனக்கு?" என்றேன்.

பதினேழு வருடத்தில் அவரை 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மகளைப் பார்த்தார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயக் கட்டலன்னு பந்தில சொன்னியே. நான் ஒதுக்குன எட்டு மஞ்சளயும் அவதான் திங்கறான்னு சேத்துச் சொல்லியிருக்கலாம்ல? எல்லாரும் சிரிச்சாங்களே, இன்னுங்கொஞ்சம் சிரிச்சிருப்பாங்கல்ல?"

அவர் சட்டையைக் கூட மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மகளிடம் போய், அன்னிக்கு உன்னை அடித்தது தப்பு, நீ சொன்னதுதான் சரி என்றேன். அவள், "எனக்குத் தெரியும்மா," என்றாள். பிறகு நான் மூன்று முட்டை உடைத்து ஊற்றி ஆம்லெட் போட்டேன். இரண்டு பேரும் அடுப்படியிலேயே நின்று தின்றோம்.

மறுநாளிலிருந்து நான் அவருக்கு முட்டை அவிப்பதை விட்டுவிட்டேன். அவரே அவித்துக்கொண்டார். முதலில் இரண்டு வாரம் வீம்பாக எட்டு மஞ்சளையும் குப்பையில் போட்டார். அப்புறம் இரண்டை மட்டும் தின்ன ஆரம்பித்தார். கொழுப்பெல்லாம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எல்லாப் பழியும் மஞ்சள் கரு மேல் விழ வேண்டும் என்ற ஆசையோடுதான் போனேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடத்தான் என்றார். தினம் எட்டு என்பதைக் கேட்டு, எதற்கு அவ்வளவு என்று கோபித்துக்கொண்டார். ஆனால் எடைக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, வயது இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, தைராய்டும் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் தோன்றியது, நான் ஒரு கிலோ கூட ஏறாமல் இருந்திருந்தாலும் எனக்கு இதே கோபம்தான் வந்திருக்கும்.

நாத்தனார் போன் செய்தார். "ஒரு முட்டைக்காடி ஊரக் கூட்டற?" என்றார். "ஒரு முட்டைக்கு இல்ல அண்ணி. அரை முட்டைக்கு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குருசுக்குப்பத்தில் மீன் வாங்க அவரும் நானும் ஸ்கூட்டரில் போனோம். வழியில், தலையைத் திருப்பாமல், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் ஏதோ சொன்னார். தப்புதான், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, என்கிற மாதிரி. கடல் காற்றில் பாதி அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் எனக்குக் கேட்டது.

"இன்னா சொன்னீங்க?" என்றேன்.

இன்னொரு தடவை, வண்டியை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

"ஒண்ணுல்ல," என்றார். "வஞ்சிரம் வாங்கலாமா, சங்கரா வாங்கலாமான்னு கேட்டேன்."

"எத வேணா வாங்குங்க," என்றேன்.