என் பொட்டுக் கரப்பான்கள்

கரப்பான் பூச்சி வளர்க்கிறேன் என்றால் எல்லாரும் முதலில் என் குசினியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஐயோ, அந்தச் சனியன்கள் இல்லை! இவை காட்டுக் கரப்பான்கள். ஒட்டுசுட்டானில் எங்கள் வளவுக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போனபோது, பாலை மரத்தடிச் சருகுக்குள் கண்டேன். கறுப்பு முதுகு, வெள்ளைப் பொட்டுகள். சோற்றுப் பானைப் பக்கமே வராத மரியாதையான பூச்சிகள். நாலைந்தைப் பிடித்து, மண்ணும் சருகும் நிரப்பிய பேசினில் விட்டு, நுளம்பு வலையால் மூடி விறாந்தையில் வைத்தேன்.

கணவருக்குக் கத்தாரில் வேலை. வீட்டில் நானும் அவருடைய தாயும் மட்டும்தான். மாமிக்கு இது பெரிய பகிடி. "ஆக்கள் கிளி வளர்க்கினம், முயல் வளர்க்கினம். என்ர மருமகள் கரப்பொத்தான் வளர்க்கிறா" என்று மீன்காரரிடம்கூடச் சொல்லிவிடுவார்.

வளர்ந்த பூச்சிகளுக்கு ஆயுள் குறைவு. மார்கழி முடிவதற்குள் எல்லாம் செத்துவிட்டன. ஆனால் மண்ணுக்குள் முட்டைக்கூடுகள் இருந்தன, பயறளவில். அதை நான் மாமிக்குச் சொல்லவில்லை. பிழை என்னுடையதுதான். பொங்கலுக்கு முதல் நாள் வீடு கழுவும்போது மாமி, பேசினில் அசைவில்லை, நல்ல உக்கின மண் என்று மிளகாய்ப் பாத்தியில் கொட்டிவிட்டார். நான் வேலையால் வரும்போது கோழிகள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன.

"கேக்காமல் ஏன் கொட்டினனீங்கள்? அதுக்குள்ள பயறளவில முட்டைக்கூடெல்லாம் கிடந்தது! உங்கட வீடெண்டால் எனக்கெண்டு ஒண்டும் இருக்கக் கூடாதோ?" என்று கத்திவிட்டேன். கல்யாணம் முடித்து வந்த நாள்முதல் மாமியிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

"செத்துப் போச்சுதெண்டெல்லோ பிள்ளை நினைச்சன்" என்றார். கோழிகளைக் கலைத்துவிட்டு உள்ளே போனவர், புட்டுக்கு மா அரிக்கிற அரிதட்டோடு வந்தார். அக்கம்பக்கத்துக்கு இரவல் கொடுக்காத அரிதட்டு அது. பாத்தியில் குந்தி, மண்ணை அள்ளிப் போட்டு அரித்தார். "இஞ்ச பார், இது அதுதானே?" என்று ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக் காட்டினார். பொங்கல் வேலையெல்லாம் அப்படியே கிடந்தது. ஒன்பது கூடுகள் கிடைத்தன. எனக்கு வெட்கம். மன்னிப்புக் கேட்காமலே கூடுகளைப் பேசின் மண்ணில் புதைத்துத் திரும்ப விறாந்தையில் வைத்தேன்.

பங்குனியில் எறும்பளவில் குஞ்சுகள் வந்தன. நான் துள்ளிக் குதித்தேன். இரண்டு நாள் கழித்து வேலையால் வந்து பார்க்கிறேன், விறாந்தையில் பேசின் இல்லை. இந்த முறை வாயை அடக்கிக்கொண்டு, "மாமி, பேசின் எங்க?" என்றேன்.

மாமி தன் அலுமாரியைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில் இருந்த நல்ல சீலைகளையெல்லாம் கட்டிலில் அடுக்கிவிட்டு, அந்த இடத்தில் என் பேசினை வைத்திருந்தார்.

"இஞ்ச வைச்சால் ஒருத்தரும் மண்ணெண்டு எடுத்துக் கொட்டமாட்டினம்" என்றார். "சீலைக்குப் போட்ட பூச்சி உருண்டையெல்லாம் எடுத்தெறிஞ்சு, தட்டையும் கழுவித் துடைச்சுப் போட்டன். அதுகளுக்கு அந்த மணம் கூடாதெல்லோ?"