கோட்டைக்குக் கூரை போட்ட கதை

அக்கா மகன் நேற்று ஸ்காட்லாந்திலிருந்து போனில் ஒரு படம் அனுப்பினான். கடலோரப் பாறைமேல் இடிந்த கோட்டையின் மிச்சம். "இது எதுன்னு தெரியுமா மாமா?" என்று கேள்வி வேறு. தெரியுமாவா! அதற்குக் கூரை போட்டவனே நான்தான்.

சிரிக்காதீர்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது, வேலை நிரந்தரமாகவில்லை. அந்தத் தோட்டத்தை முதலில் போட்ட வெள்ளைக்காரர், தன் முன்னோர் வாழ்ந்த கோட்டை என்று மாட்டிவிட்டுப் போன கருப்பு வெள்ளைப் படம் சுவரில் இருந்தது. தினமும் அதைத் துடைப்பவன் நான். பீரங்கி பாதியை இடித்ததும், மிச்சத்தில் ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டதும் அடியில் எழுதியிருக்கும். அத்தனைக்கும் விழாமல் கடல் பக்கம் உயர்ந்து நின்ற ஒற்றைச் சுவரின் வீம்பு இருக்கிறதே, அடடா! நானெல்லாம் சாரல் அடித்தாலே லீவு போடுகிற ஆள்.

ஒரு மழைக்காலத்தில் படத்தில் பூஞ்சை பிடித்தது. வெள்ளைக்காரரின் பேத்தி வரப்போகிறார் என்றதும், நல்ல பேர் வாங்கும் ஆசையில் அதைச் சுத்தம் செய்ய ஸ்டூடியோவில் கொடுத்தேன்.

"இடிஞ்ச ஊட்டுப் படத்த ஆபீசுல மாட்டுனா வெளங்குமுங்களா? நானே பூசி உட்டுட்டேனுங்க" என்று நீட்டினார் ஸ்டூடியோக்காரர். கோட்டைமேல் சிவப்புத் தகரக் கூரை, புகைபோக்கி. அசல் குன்னூர் பங்களா! நானும் பூரித்துப்போய் மாட்டினேன்.

பேத்தி அம்மாள் வந்து பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெயிண்டுக்கு அடியில் பழைய படம் இருக்குமா என்று எங்கள் மேனேஜர் மூலம் கேட்டார்.

"இல்லீங்க. பெயிண்டு புடிக்கோணும்னு பிளேடுல சொரண்டிட்டாருங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஒற்றைச் சுவர் எப்போதோ புயலில் கடலுக்குள் போய்விட்டதாம். அது நின்றதைக் காட்டும் ஒரே படம் இதுதானாம். பிரதி எடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்யா" என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் கையமர்த்திவிட்டு ஏதோ கேட்டார். மேனேஜர் பல்லைக் கடித்தபடி தமிழில் சொன்னார்: "தினமும் தொடச்சது நீதானேன்னு கேக்கறாங்க. அந்தச் சுவர்ல என்ன இருந்துச்சு, சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மூன்று ஜன்னல். வலது ஓரம் விரிசல். நடு ஜன்னலில் ஒரு செடி. அவர் நோட்டில் வரைந்துகொண்டே வந்தார். செடியை மட்டும் அத்தனை ஆசையாக, இலை இலையாக வரைந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலையும் தப்பித்தது.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது செடிதானா, படத்தின் கண்ணாடியில் நான் துடைக்காமல் விட்ட அழுக்கா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. சரிபார்க்கலாமென்றால் இப்போது சுவரும் இல்லை, படமும் இல்லை.